எந்தத் தெரு?

இரட்டைமலை சீனிவாசன் என்றதும், 'காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர்' என்பார்கள். எவ்வளவு பெரிய வாழ்க்கையை ஒரு துணுக்குக்குள் அடைத்துவிட்டோம்!

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர். நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கர். 1893-இல் இதழ் தொடங்கியபோது, வசவாக வீசப்பட்ட 'பறையன்' என்ற சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார். பிறகு கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். திரும்பி வந்ததும் சென்னை சட்டமன்றம். 1930-இல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாடு.

எனக்கு இவற்றில் பெரியது 1924 தான். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் எந்தச் சாதியாருக்கும் தடையில்லை என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். நிறைவேறியது, அரசாணையும் வந்தது. 'சமத்துவம் வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை, இடங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டார். கணக்கெழுதிய கை அல்லவா!

அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை என்று நாங்கள் வீடு தேடி அலைந்தபோது முதல் கேள்வியே, "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?" பதில் சொன்னதும், "ஓனரோட சொந்தக்காரங்க வராங்களாம்" என்பார் புரோக்கர். 1955-ஆம் ஆண்டு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, குடியிருப்பில் தீண்டாமை பார்ப்பதையும் குற்றம் என்கிறது. ஆனால் புரோக்கர் வாயில் சாதி என்ற சொல்லே வராதே! தேதி, நேரம், கேட்ட கேள்வி மூன்றையும் அன்றைக்கே எழுதிவைக்கச் சொல்கிறேன் நண்பர்களிடம். புகார் கொடுக்கப் போனால் கையில் அதுவாவது இருக்கும்.