ஓர் ஆணி போதும்!



அரியலூர் ரயில் நிலையத்தில் நின்று, சரக்கு ரயிலை இழுத்து வரும் என்ஜினை வாய் பிளந்து பார்த்ததுண்டா? பெரம்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காய வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்து, 'உள்ளே என்னதான் சுற்றுகிறது?' என்று யோசித்ததுண்டா? 'நாமும் ஒன்று செய்து பார்க்கலாமே' என்று ஆசை வந்திருக்கும். உடனே, 'நம்மிடம் லேத் இல்லை, டிரில்லிங் மெஷின் இல்லை, நம்மால் எப்படி முடியும்?' என்று ஆசையை மூட்டை கட்டி வைத்திருப்பீர்கள்.

முதல் என்ஜினுக்கு ஓர் ஆணி போதும், செல்லங்களே!

காலியான குளிர்பான அலுமினிய டின் ஒன்றைக் கழுவிக் கொள்ளுங்கள். டின்னைச் சுற்றிவரும் நீளத்துக்குக் காகிதம் வெட்டி, நான்காக மடித்துப் பிரியுங்கள். மடிப்புகளை வைத்து, அடிப்பகுதிக்குச் சற்று மேலே சம தூரத்தில் நான்கு இடங்களைக் குறியுங்கள். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, ஆணியால் துளையிடுங்கள். ஆணியை வெளியே எடுக்கும் முன், ஒவ்வொரு முறையும் வலது பக்கமாகச் சாய்த்து விடுங்கள். மேலே உள்ள வளையத்தை நிமிர்த்தி நூல் கட்டுங்கள். வாளித் தண்ணீரில் முக்கி, நூலைப் பிடித்துத் தூக்குங்கள். தண்ணீர் ஒரு திசையில் பீய்ச்சியடிக்க, டின் எதிர்த்திசையில் கிறுகிறுவென்று சுற்றும்!

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன், எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த ஹீரோ என்ற அறிஞர், நீராவியால் இப்படிச் சுற்றும் உருண்டையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஸ்ரீஹரிகோட்டாவில் சீறிக் கிளம்பும் ராக்கெட்டும் இதே விதிப்படிதான் மேலே போகிறது.

சுற்றவில்லையா? கவலை வேண்டாம். ஆசிரியர் பயிற்சியின்போது, மாதிரி வகுப்பில் காட்டுவதற்காக நான் பவுடர் டப்பாவில் செய்த என்ஜினும் சுற்றவில்லை. வகுப்பே சிரித்தது. எனக்கு வியர்த்துவிட்டது. அதுவரை வாயே திறக்காத கடைசி பெஞ்சு மாணவன் ஒருவன் எழுந்து வந்தான். டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "ரெண்டு ஓட்டை அந்தப் பக்கம் பாக்குது, ரெண்டு இந்தப் பக்கம் பாக்குது சார்" என்றான். ஒன்றின் தள்ளுதலை இன்னொன்று கெடுத்துவிட்டது! அன்று அவன்தான் ஆசிரியர், நான் மாணவன்.

ஜேம்ஸ் வாட் கதையும் இதுதான். 1763-64 குளிர்காலத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் சிறிய மாதிரி நீராவி என்ஜின் ஒன்று அவரிடம் பழுது பார்க்க வந்தது. சில தடவை இயங்கும், நின்றுவிடும். ஏன் என்று துருவினார். ஒவ்வொரு முறையும் சிலிண்டர் குளிர்ந்து போவதால் நீராவி வீணாவதைக் கண்டார். நீராவியைக் குளிர்விக்கத் தனி அறை வைக்கலாம் என்ற யோசனை 1765-ல் பிறந்தது. ஓடாத ஒரு சின்ன மாதிரிதான் உலகத்தையே ஓட வைத்தது!

நம் ஜி.டி. நாயுடுவோ, ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்து மாட்டியே தொழில் கற்றவர். 1937-ல் இந்தியாவின் முதல் மின் மோட்டார் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. நீங்களும் அடுத்ததாக, காயில் கட்டும் கடையில் ஒரு முழம் கம்பி கேட்டு வாங்குங்கள். ஒரு டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம் கிடைத்தால் குட்டி மோட்டார் செய்துவிடலாம்.

ஒரு கண்டிப்பு: மூடிய டப்பாவில் தண்ணீரை வைத்துச் சூடாக்கவே கூடாது. நீராவி வெளியேற வழியில்லாமல் டப்பா வெடித்துவிடும். வீட்டு மின்சாரம், பெட்ரோல் பக்கமும் போகக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பழைய கடிகாரத்தைப் பிரித்து வைத்தால் அடிக்காதீர்கள். 'உள்ளே என்ன பார்த்தாய்?' என்று கேளுங்கள்.

அப்புறம் குழந்தைகளே, உங்கள் டின் சுற்றாவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். துளைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று முதலில் பாருங்கள்!