பேட்டரி செத்துப்போச்சா, இல்ல யாராவது கொல்றாங்களா?

கார் காலையில ஸ்டார்ட் ஆகலைன்னா நம்ம ஊர்ப்பக்கம் ஒரே தீர்ப்புதான்: "பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க." விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, நேரா தூக்குதான். இந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் இந்தப் பதிவு. அளந்து பார்க்காம பேட்டரி மாத்தக்கூடாதுங்கறது என் கட்சி. மாத்தச் சொல்றவர் கையில மல்டிமீட்டர் இல்லைன்னா அவர் பார்க்கறது வைத்தியம் இல்ல, ஜோசியம்.

பேட்டரி சீக்கிரம் இறங்கினா காரணம் பெரும்பாலும் மூணு வகைதான். ஒண்ணு, பேட்டரியே கிழடு. ரெண்டு, ஆல்டர்னேட்டர் ஒழுங்கா சார்ஜ் ஏத்தலை. மூணு, வண்டி சும்மா நிக்கும்போது ஏதோ ஒண்ணு திருட்டுத்தனமா கரண்ட் குடிக்குது. இந்த மூணாவது மட்டும் இருந்துச்சுன்னா, எத்தனை புது பேட்டரி போட்டாலும் ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்துற கதைதான்.

முதல் ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க பத்து நிமிஷம் போதும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில பேட்டரி முனையில அளந்தா 12.6 வோல்ட் இருக்கணும். அது முழு சார்ஜ். 12.2 இருந்தா பாதி. 12-க்குக் கீழ போனா கிட்டத்தட்ட காலி. என்ஜின் ஓடும்போது 13.8-லேருந்து 14.5 வரைக்கும் காட்டினா ஆல்டர்னேட்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். (சில புது வண்டிகள்ல கம்ப்யூட்டரே இதை ஏத்தி இறக்கும். ஒரே அளவை வச்சு முடிவு கட்டாதீங்க.) முழு சார்ஜ் இருந்தும் ஸ்டார்ட்டர் சுத்தும்போது 9.6-க்குக் கீழ சரிஞ்சா, அப்ப பேட்டரிக்குத் தாராளமா திதி கொடுக்கலாம் :-)

மூணாவது வகைக்கு எங்க சித்தப்பா கார்தான் உதாரணம். தாயில்பட்டியில வாரம் முழுக்க நிக்கும்; சிவகாசிக்கோ சாத்தூருக்கோ போகணும்னா மட்டும் வெளிய வரும். ஒன்றரை வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு. கடையில சொன்ன காரணம், "நம்ம ஊரு வெயில் அப்படி." வெயில் பேட்டரி ஆயுளைக் குறைக்கும்ங்கறது உண்மைதான். ஆனா அது வருஷக்கணக்குல நடக்கற வேலை. புது பேட்டரியை அஞ்சு நாள்ல படுக்க வைக்காது.

நெகட்டிவ் வயரைக் கழட்டி, அந்த வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர் துளையில மாட்டினேன். கதவெல்லாம் சாத்தி அரை மணி நேரம் காத்திருக்கணும். வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர்கள் தூங்க அவ்வளவு நேரம் ஆகும். இந்த நேரத்துல யாராவது சாவியைத் திருப்பினா மீட்டர் ஃப்யூஸ் காலி. பொதுவா 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். அங்க காட்டினது 310!

கணக்கு போடுங்க. 310 மில்லி ஆம்பியர்னா ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7.4 ஆம்பியர் மணி. பேட்டரி 35 ஆம்பியர் மணி. அஞ்சே நாள்ல மொத்தமும் காலி. இதே வண்டி 30 மில்லி ஆம்பியர் மட்டும் குடிச்சா, பாதி இறங்கவே மூணு வாரத்துக்கு மேல ஆகும்.

அப்புறம் நாங்க ஆபீஸ்ல பக் தேடற அதே முறைதான். ஒவ்வொரு ஃப்யூஸா உருவு, மீட்டரைப் பாரு. ஆடியோ ஃப்யூஸை உருவினதும் 310 சடார்னு 25 ஆச்சு. குற்றவாளி, வெளியில வாங்கி மாட்டின ஸ்டீரியோ. அதுல மஞ்சள் வயருக்கு எப்பவும் கரண்ட் வேணும். சிவப்பு வயருக்குச் சாவி போட்டா மட்டும் வரணும். மாட்டினவங்க ரெண்டையும் சேர்த்து முறுக்கி, எப்பவும் கரண்ட் இருக்கற வயர்லயே கொடுத்துட்டாங்க. செட்டு ராத்திரி பகலா முழிச்சுக்கிட்டே இருந்திருக்கு. சிவப்பைப் பிரிச்சு சரியான இடத்துல கொடுத்ததோட வேலை முடிஞ்சது. செலவு ஒரு முழம் வயரும் கொஞ்சம் இன்சுலேஷன் டேப்பும்.

எல்லா ஃப்யூஸையும் உருவியும் குறையலையா? ஆல்டர்னேட்டர் டயோடைச் சந்தேகப்படுங்க. அப்புறம் டிக்கி லைட்டு, ஜிபிஎஸ் கருவி, ஒட்டிக்கிட்ட ரிலே. ஒரு எச்சரிக்கை: சார்ஜ் ஆகற பேட்டரியிலேருந்து ஹைட்ரஜன் வரும். காத்துல 4 சதவீதம் இருந்தாலே பத்திக்கும். பட்டாசு ஊர்க்காரங்களுக்குப் பொறியைப் பத்தி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"ஒரு பேட்டரிக்கு இவ்வளவு அலப்பறையா?"ன்னு கேப்பீங்க. 2021 பிப்ரவரி 12-ல அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்க. எங்க வெம்பக்கோட்டை வட்டாரத்துல அந்த மாதிரி ஒரு மத்தியானம், தெருவுல நிக்கற எந்தக் காருக்கும் ஆம்புலன்ஸ் வேலை வரலாம். அப்ப அது ஸ்டார்ட் ஆகணும்.

இன்னொண்ணு, தூக்கிப்போடற பேட்டரியில இருக்கறது ஈயம். உலகத்துல மூணு குழந்தைக்கு ஒண்ணோட ரத்தத்துல ஆபத்தான அளவு ஈயம் இருக்குன்னு 2020-ல யுனிசெஃப் அறிக்கை சொல்லுச்சு. முக்கிய காரணமா அது காட்டினது, பழைய பேட்டரிகளைக் கண்டபடி உடைச்சு உருக்கறதை. தேவையில்லாம மாத்தற ஒவ்வொரு பேட்டரியும் அந்தக் குவியல்ல ஒண்ணு கூடப் போய்ச் சேரலாம்.

மெக்கானிக் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. ரெண்டு மணி நேரம் தேடி ஒரு வயரை மாத்திக் கொடுத்தா, "வயருக்கு ஐந்நூறா?"ன்னு சண்டைக்கு நிக்கறோம். அதே ஆளு புது பேட்டரியை நீட்டினா பேசாம ஆயிரக்கணக்குல எடுத்துக் கொடுக்கறோம். பொருளுக்குத்தான் காசு, மூளைக்குக் கிடையாதுன்னா அவர் ஏன் மூளையை விக்கப்போறார்? தேடறதுக்கும் கூலி கொடுங்க.

அடுத்த தடவை "மாத்திடுங்க"ன்னு சொன்னா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணாச்சி, எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்குது?" பதில் வந்தா வண்டியை நம்பி விடுங்க. முழிச்சார்னா சாவியை வாங்கிக்கிட்டு வந்துடுங்க.