ஒன்பது நாடும் ஒரு வண்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

மியூனிக்கில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பினார். வரும் ஜூனில் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து, மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்து ஐரோப்பா சுற்றிக் காட்டப் போகிறாராம். (நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நடிகர் ஓய்வெடுக்கும் வண்டி. இது நாமே ஓட்டி, நாமே சமைத்து, நாமே படுத்துத் தூங்கும் வண்டி.) மியூனிக், சூரிச், மிலான், வெனிஸ், லுப்லியானா, ஸ்ப்ளிட், துப்ரோவ்னிக், சரயேவோ, புடாபெஸ்ட், வியன்னா, பிராக், திரும்ப மியூனிக். 14 நாள், 9 நாடு. "சார், நீங்க ஜியாக்ரஃபி வாத்தியார், ரூட் சரியான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்.

ரூட் சரி தம்பி. திட்டம்தான் தப்பு. அதை உனக்கு மட்டும் சொல்லாமல் இங்கே எழுதக் காரணம், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் பலரும் பெற்றோரை அழைத்துப்போக இப்படித்தான் திட்டம் போடுகிறார்கள். என் மாப்பிள்ளையும் போட்டார். சரி என்று தலையாட்டியவன் நான்.

2023 ஜூனில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து புறப்பட்டோம். மகள், மாப்பிள்ளை, நான், என் துணைவியார். 10 நாளில் 5 நாடு. இரண்டாம் நாளே பிரென்னர் கணவாய் ஏறி இறங்கி இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் தங்குவதாக ஏற்பாடு. வழியில் நெரிசல், தண்ணீர் நிரப்ப ஒரு நிறுத்தம், சாப்பாட்டுக்கு ஒரு நிறுத்தம். கேம்பிங் இடத்துக்குப் போய்ச் சேரும்போது இரவு பத்தரை. அங்கெல்லாம் பத்து மணிக்கு மேல் வண்டியை உள்ளே விடுவதில்லை என்பது எங்களுக்குத் தெரியாது. நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் லாரிகளுக்கு நடுவே படுத்தோம். துணைவியார் இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் வெனிஸில் முன்பதிவு இருந்ததால் விடிந்ததும் கிளம்பிவிட்டோம். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கு எப்படி ஏரியாகிறது என்று முப்பது வருஷம் கரும்பலகையில் படம் போட்டவன் நான். இத்தாலியின் மிகப்பெரிய ஏரிக்கு இரண்டு கிலோமீட்டர் பக்கத்தில் போய், அதைப் பார்க்காமல் திரும்பினேன்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். நீ போட்டிருப்பது ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். ஒரு நாள்கூட நிற்காமல் ஓட்டினால் தினமும் 250. கார் என்றால் மூன்று மணி நேரம். இந்த வண்டியில் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று கணக்கு வை, நாலு மணிக்கு மேல் ஆகும். அது போக நல்ல தண்ணீர் நிரப்ப, அழுக்குத் தண்ணீரை விட, கழிப்பறைப் பெட்டியைக் கொட்ட என்று தினமும் ஒரு மணி நேரம் போய்விடும். அந்தப் பெட்டி கிட்டத்தட்ட 20 லிட்டர்தான். நாலு பேருக்கு இரண்டு நாளில் நிரம்பும். எங்கள் பயணத்தில் முதல் தடவை மாப்பிள்ளை கொட்டினார். இரண்டாவது தடவை நான் வாங்கிக்கொண்டேன். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ஆனால் யார் முறை என்று கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

எடை. சாதாரண கார் லைசென்ஸில் ஓட்டக்கூடிய வண்டி ஆளும் சாமானும் சேர்த்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. வண்டியின் சொந்த எடையே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மிச்சத்தில் நாலு பேர், 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அப்புறம் நம் அரிசி மூட்டையும் குக்கரும். ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். சீட் பெல்ட் நாலுதான் இருக்கும். பெல்ட்டை எண்ணிவிட்டு வண்டியைப் பதிவு செய். மிக்ஸி வெளி மின்சாரம் கொடுக்கும் இடத்தில்தான் ஓடும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவிடு.

விசா விஷயத்தில் நீ ஒன்றைக் கவனிக்கவில்லை. குரோவேஷியா 2023 ஜனவரி முதல் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. போஸ்னியா இல்லை. அப்பா அம்மாவுக்கு ஒரே முறை நுழையும் விசா கிடைத்தால், சரயேவோ போனபின் ஹங்கேரிக்குள் வர முடியாது. ஸ்ப்ளிட்டிலிருந்து துப்ரோவ்னிக் போகவே முன்பு போஸ்னியாவின் நேயும் என்ற ஊரைக் கடக்க வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. உன் வரைபடத்தில் கடற்கரையோரப் பழைய சாலையைத்தான் கோடு போட்டிருக்கிறாய். அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும், எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பதையும் மறக்காதே. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. வாடகை வண்டியை எந்தெந்த நாட்டுக்குள் கொண்டுபோகலாம் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும், படித்துப் பார்.

சுங்கம் எல்லாம் நீயே பார்த்துக்கொள்வாய். ஆஸ்திரியாவில் வின்யெட் வாங்கினாலும் பிரென்னர் சாலைக்குத் தனிக் கட்டணம் உண்டு, அது மட்டும் நினைவிருக்கட்டும்.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமான ஒன்று. ஊர் திரும்பிய பிறகு பக்கத்து வீட்டம்மா, "யூரோப் எப்படி இருந்துச்சு டீச்சர்?" என்று கேட்டார். என் துணைவியார் சிரித்துக்கொண்டே, "ரெண்டு பர்னர் அடுப்பு, நல்லா எரிஞ்சுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. பத்து நாளும் காலை ஐந்து மணிக்கு எழுந்து மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்தது அவர்தான். வண்டி ஓடும்போது களைப்பில் கண் அசந்துவிடுவார். நாங்கள் எழுப்பி, "அங்கே பாரு மலை" என்போம். வெளியில் சாப்பிட்டால் செலவு என்று கணக்குப் போட்டு மிச்சம் பிடித்த பணம் யாருடைய உழைப்பு? அவருக்கு இப்போது மூட்டு வலி. அந்த வண்டிப் படியில் இனி ஏற முடியாது.

உன் அம்மாவுக்கு எழுபது என்று எழுதியிருக்கிறாய். அவர் இன்னொரு முறை வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை, உனக்கும் தோன்றாது.

அதனால் என் யோசனை இது. மூன்று நாடு போதும். மியூனிக்கிலிருந்து இன்ஸ்புரூக் பக்கம் மூன்று இரவு. பிறகு தென் டிரோலில் போல்சானோ அருகே மூன்று. கார்டா ஏரிக்கரையில் நாலு. வெனிஸுக்கு வெளியே ஃபுசீனாவில் வண்டியை நிறுத்திவிட்டுப் படகில் போய் வர மூன்று. மொத்தம் 1,200 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். தென் டிரோல் முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குப் போன பகுதி. இன்றும் ஊர்ப் பெயர்ப் பலகை ஜெர்மனிலும் இத்தாலியனிலும் இருக்கும். அப்பாவை அங்கே ஒரு கடைத்தெருவில் உட்காரவைத்து ஜனங்கள் பேசுவதைக் கேட்கச் சொல். நாட்டு எல்லை என்றால் என்ன என்று ஒன்பது கொடியை எண்ணுவதைவிட அங்கே நன்றாகப் புரியும்.

சமையல் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அந்த ஒருநாளும் நீயும் உன் மனைவியும் முறை வைத்துச் செய்யுங்கள். அம்மா அடுப்புப் பக்கம் வந்தால் நாற்காலியை வெளியே போட்டு உட்காரச் சொல்.

திருத்திய பட்டியலை அனுப்பு தம்பி. கார்டாவில் எந்தக் கரையில் தங்குகிறாய் என்பதையும் எழுது. போய்ச் சேர்ந்ததும் சாயங்கால வெளிச்சத்தில் ஏரியை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு. டீச்சர் பார்க்க வேண்டும் என்கிறார்.