அறைந்திருந்தால் முடிந்திருக்குமா?

"அன்றைக்கே கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும், ஐந்து மாதம் கழித்துப் புகார் என்றால் சந்தேகம் வராதா?" என்று, வேலையிடத்துப் பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுத்த ஒரு பெண்ணைக் குறித்துக் கேட்கிறார் நண்பர். முடிந்திருக்கும்தான், அவளுடைய வேலை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கணக்கு எழுதிய காலம். தையல் லைனில் ஒரு பெண், தன்மேல் பட்ட சூப்பர்வைசரின் கையைத் தட்டிவிட்டாள். மறுநாளிலிருந்து அவள் தைத்த பீஸ்கள் மட்டும் சரியில்லை என்று திரும்பி வந்தன. ஓவர்டைம் பட்டியலில் பெயர் இல்லை. பாத்ரூம் போனால் நிமிடம் எண்ணினார்கள். இதில் எதைக் காகிதத்தில் எழுதி நிரூபிப்பது? சனிக்கிழமை சம்பளக் கவரின் கனத்தில்தான் தெரிந்தது. அந்தக் கவரை வாய் திறக்காமல் ஒட்டிக் கொடுத்தவன் நான்.

பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் புகார் தர 3 மாதம் தருகிறது. தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம். தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்துதான் கணக்கு. பயந்தவள் தாமதிப்பாள் என்பது சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்றும் நண்பர் மிரட்டுகிறாரே, அதே 14-ஆம் பிரிவு, நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர்மேல் பாய வேண்டியதில்லை என்கிறது. பாதிப் பிரிவை வாசிப்பது அவருக்கு வசதி.

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இத்தகைய புகார்களுக்கு விசாரணைக் குழு கட்டாயம். எங்கள் கம்பெனியிலும் இருந்தது. பெயர்ப்பட்டியல் தண்ணீர் கேனுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. முதல் பெயருக்குரியவர் வேலையை விட்டு இரண்டு வருடமாகியிருந்தது.