ஒளியின் கணக்கும் மின்மானியின் கணக்கும்

நிறை குறைந்த படிக்கல்லை வைத்து வணிகஞ் செய்பவனைச் சட்டம் தண்டிக்கிறது. கொடுக்கும் பணத்துக்கு எதைப் பெறுகிறோம் என்பதை அறியும் உரிமை வாங்குவோனுக்கு உண்டு என்பதே அச்சட்டத்தின் உயிர். உலோகத் தகடு வெட்டும் லேசர் பொறியை வாங்குவோனுக்கு அவ்வுரிமை இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை என்பதே எமது வழக்கு.

1960ஆம் ஆண்டு மே 16ஆந் திகதி அமெரிக்காவில் தியோடர் மைமன் முதலாவது லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். 1964இல் குமார் பட்டேல் காபனீரொட்சைட்டு வாயு லேசரை ஆக்கினார். தகடு வெட்டுந் தொழிலில் நெடுங்காலம் கோலோச்சியது அதுவே. ஆனால், அது உண்ணும் மின்சாரத்திற் பத்திலொரு பங்களவே ஒளியாகிறது. 4 கிலோவாற்று ஒளிக்கு ஏறத்தாழ 40 கிலோவாற்று மின்சாரம் வேண்டும். மிகுதி 36உம் வெப்பம். அவ்வெப்பத்தை அகற்றுதற்கு மீண்டும் மின்சாரம்! பின்னர் வந்த இழை லேசரோ மூன்றிலொரு பங்கையும் அதற்கு மேலும் ஒளியாக்குகிறது. அதே ஒளிக்கு ஏறத்தாழ 12 கிலோவாற்றுப் போதும். இம்முன்னேற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயின், விற்போர் பெருமையோடு அச்சிடும் இவ்விகிதம் ஒளி பிறக்கும் பெட்டியின் விகிதமேயன்றி முழுப் பொறியின் விகிதமன்று. குளிரூட்டும் பொறி, புகையுறிஞ்சி, காற்றமுக்கி, வெட்டுந் தலையை நகர்த்தும் மோட்டார்கள் ஆகிய யாவும் அக்கணக்குக்குப் புறம்பானவை. தகட்டை ஏற்றி இறக்கும் வேளையில் ஒளி எரிவதில்லை. விசிறியும் குளிரூட்டியும் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. பயன் சுழி, மின்மானியோ ஓய்வதில்லை. ஒளிப்பெட்டி சிக்கனமாக ஆக ஆக, மொத்தச் செலவில் இப்புறச் செலவின் பங்கு பெருகுகிறது என்பதையும் மறத்தலாகாது. கடன்பட்டுப் பொறி வாங்கிய சிறு பட்டறைக்காரன் அச்செலவை மாதந்தோறும் இறுக்கிறான்.

சட்டம் செய்யக்கூடியது என்ன என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியமே சான்று. மின்வில் வெல்டிங் பொறிகளுக்கு அது 2019இல் விதி வகுத்தது. அவ்விதியின்படி 2023 ஜனவரி முதல் அப்பொறிகளின் மின்வழங்கி வேலையின்றி நிற்கையில் 50 வாற்றுக்கு மேல் உண்ணலாகாது. அதே பட்டறையின் மறு மூலையில் நிற்கும் லேசர் வெட்டும் பொறியை அவ்விதி தீண்டவில்லை. சிறியதற்குச் சட்டம், பெரியதற்குச் சலுகையா?

“தகட்டின் உலோகமும் தடிப்பும் வேறுபடும், ஒரே அளவை எங்ஙனம் கூறுவது?” என்று வாதிடுவோர் உளர். எல்லா வீடுகளும் குளிர்சாதனப் பெட்டியை ஒரே வகையாகவா பயன்படுத்துகின்றன? ஆயினும் அதன் மீது மின்செலவுச் சீட்டு ஒட்டப்படுகிறதல்லவா? பொறிக்கருவிகளின் மின்செலவை ஆராயும் முறையைச் சர்வதேச நியம நிறுவனம் 14955ஆம் இலக்க நியமத்தில் வகுத்தேயிருக்கிறது. ஆனால், நியமம் வழிகாட்டுமேயன்றித் தானாகக் கட்டாயப்படுத்தாது.

ஆதலின் நாம் கேட்பவை இரண்டே. குறித்த தடிப்புள்ள தகட்டில் ஒரு மீற்றர் வெட்டுதற்கு முழுப் பொறியும் எவ்வளவு மின்சாரம் உண்ணும்? வேலையின்றி நிற்கும் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு? இவ்விரண்டையும் பொறியின் மீதே பொறிக்க வேண்டுமெனச் சட்டம் கட்டளையிடட்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். காற்றிலே வெப்பமாய்ப் போவதையும் அளந்தே போடுவோம்!