ஆய்வாளருக்குத் தெளிவான விசா வேண்டும்
ஐந்தாண்டு இ-விசா இருந்தும் லண்டன் பல்கலைக்கழக இந்தி அறிஞர் பிரான்செஸ்கா ஓர்சினி 2025 அக்டோபரில் தில்லி விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டது, அயல்நாட்டு ஆய்வாளர்களுக்கான விசா விதிகளைச் சீராக்க வேண்டிய அவசரத்தை உணர்த்துகிறது. முந்தைய பயணத்தில் அவர் விசா நிபந்தனையை மீறியதாக அரசு வட்டாரங்கள் கூறின. யாரை அனுமதிப்பது என்பது அரசின் உரிமை. சுற்றுலா விசாவில் வந்து ஆய்வு செய்யக் கூடாது என்ற விதியும் புதிதல்ல. ஆனால், சிங்கப்பெருமாள் கோயில் குடைவரையைத் தரிசிக்க வந்தவர் தூணை அளந்து, கல்வெட்டைக் குறிப்பெடுத்தால் அவர் பயணியா, ஆய்வாளரா? சுற்றுலா, மாநாடு, ஆய்வு, வேலை என்று பிரிந்து நிற்கும் வகைகளுக்கு இடையே, ஒரு வாரம் நூலகத்தில் படித்து, ஓர் உரை நிகழ்த்தித் திரும்புபவர் தடுமாறுகிறார். இத்தகைய குடைவரைகளைத் தந்த பல்லவர் கலையை உலகறியச் செய்ததில் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய்க்குப் பெரும்பங்கு உண்டு. அத்தகையோருக்குக் கதவடைத்தால் இழப்பு நமக்கே. குறுகிய கால ஆய்வுக்குத் தனி இ-விசா, அழைக்கும் பல்கலைக்கழகத்தின் கடிதத்தை ஏற்று உரிய கெடுவுக்குள் முடிவு, மறுத்தால் எழுத்துமூலம் காரணம், மேல்முறையீட்டுக்கு வாய்ப்பு ஆகியவற்றை உள்துறை அமைச்சகம் தாமதமின்றி நடைமுறைப்படுத்த வேண்டும்.