நாலு எக்ஸ் முள்ளும் நம்ம ஊர் விராலும்

“அண்ணே, நாலு எக்ஸ் போட்டுக்கங்க. யானையைக் கட்டி இழுத்தாலும் நிமிராது.”

தூண்டில் சாமான் கடைத் தம்பி இப்படிச் சொல்லித்தான் எனக்கு முதல் பாக்கெட்டை விற்றார். இன்று லூர் என்னும் போலி இரையை வீசும் இளவட்டங்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள்: லூரோடு வரும் மும்முள்ளைக் கழற்றி எறி, இருப்பதிலேயே தடித்ததை மாட்டு, மீன் தப்பாது. வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களில் யானை கிடையாது. ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ விரால் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் அதற்கு மேலும். அதைப் பிடிக்க நாலு எக்ஸ் தேவையில்லை என்பது என் கட்சி. இன்னும் சொன்னால், தப்பிய மீன்களில் பாதி அந்தத் தடித்த முள்ளால்தான் தப்பின.

முதலில் அந்த எக்ஸ். இதை ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு கம்பெனி தன்னுடைய சாதாரணக் கம்பியோடு தன்னுடைய தடித்த கம்பியை ஒப்பிட்டுப் போடும் குறி, அவ்வளவுதான். ஜப்பானின் ஓனர் கம்பெனியில் எஸ்டி-41 இரண்டு எக்ஸ், எஸ்டி-66 நாலு எக்ஸ். அந்த நாலும் வேறொரு கம்பெனியின் நாலும் ஒரே தடிமன் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. துருப்பிடிக்காது என்பதும் எக்ஸில் இல்லை. அது மேற்பூச்சின் வேலை.

‘தடித்தால் பலம்’ என்பதை நான் மறுக்கவில்லை. கம்பியின் விட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வளையாமல் தாங்கும் பலம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு ஆகிறது. ஆனால் அதே கம்பி சதைக்குள் போகக் குத்த வேண்டிய துளையின் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. மீனை நழுவவிடாத முள்ளின் காதும் அதற்கேற்பத் தடிக்கிறது. கடைத் தம்பி முதல் கணக்கை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

அந்தக் கூடுதல் துளையைக் குத்தும் விசை எங்கிருந்து வரும்? நம் கையிலிருந்து. இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். ஏழடிக் கம்பின் அடியை வயிற்றில் ஊன்றி, அதிலிருந்து ஓரடி தள்ளி ரீலில் கை வைத்து இழுக்கிறோம் என்று வையுங்கள். ஒன்றுக்கு ஏழு. கை பதினாலு கிலோ இழுத்தால் நுனியில் இரண்டு கிலோ. கம்பு வளையும்போது கணக்கு கொஞ்சம் நமக்குச் சாதகமாகும், ரொம்ப இல்லை. நம்பாதவர்கள் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நரம்பில் கட்டி, கம்பு நுனியால் தூக்கிப் பார்க்கலாம். வெண்ணெய் வெட்டுகிற மாதிரி இருக்காது.

அந்த இரண்டு கிலோவும் முழுசாக ஒரு முனைக்குப் போவதில்லை. ‘மூணு முனை இருக்கு, ஏதாவது ஒண்ணு ஏறிடும்’ என்பது அடுத்த வாதம். இரண்டு முனை ஒரே நேரத்தில் பட்டால் ஆளுக்குப் பாதி. விராலின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேலண்ணம் முழுக்க எலும்பும் பல்லும். தடித்த முனை அங்கே நுனி மட்டும் பதிந்து நிற்கும். மீன் தண்ணீருக்கு மேலே வந்து தலையை ஒரு உதறு உதறும். லூர் நம் நெற்றியை நோக்கிப் பறந்து வரும். ‘கடிச்சிட்டு விட்ருச்சு’ என்போம். கடித்தது உண்மை. விட்டதல்ல, நாம் குத்தவில்லை.

‘அப்ப எனக்கு முள்ளு ஏன் நிமிர்ந்தது?’ என்று நானும் ஒரு தை மாதம் சித்தப்பாவிடம் கேட்டேன். மூங்கில் கம்பும் தங்கூசியும் தக்கையுமாக ஆயுளைக் கழித்தவர். லூரை வாங்கித் திருப்பினார். நிமிர்ந்த முள்ளில் தாமரைத் தண்டின் நார் இன்னும் பச்சையாகச் சுற்றியிருந்தது.

“முள்ளு மேல ஏன்டா பழி போடுற? கம்பத் தண்ணிக்கு நேரா நீட்டிப் புடிச்சு இழுத்திருக்க. அப்பறம் அதுதான நிமிரும்?”

அதேதான். கம்பு வளைந்து நிற்கும்வரை அது ஸ்பிரிங். நேராக நீட்டிவிட்டால் நாற்பது பவுண்டு பிரெய்டு நரம்பின் பதினெட்டு கிலோவும் நேரே முள்ளில் இறங்கும். நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராகை இறுக்கிப் பூட்டிவிட்டு முள்ளைக் குறை சொல்வதும் இந்த வகைதான்.

லூரின் நடை பற்றி யாரும் பேசுவதில்லை. மிதக்கும் லூரின் வாலில் கனத்த முள்ளை மாட்டினால் வால் தாழ்ந்துவிடும், குலுக்கல் போய்விடும். குண்டானில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டுப் பார்த்தாலே தெரியும்.

தடித்த முள்தான் நல்லது என்ற இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. ரப்பர் தவளை லூரில் இருக்கும் இரட்டை முள் தடியானது. அது சரிதான். அல்லியும் கோரையும் மண்டிய இடத்தில் மீனைச் செடியோடு சேர்த்து இழுக்க வேண்டும். கம்பு விறைப்பு, நரம்பு தடிப்பு, எல்லாம் ஒரே குடும்பம். அந்த ஞாயத்தை வெளித்தண்ணீரில் ஓட்டும் சின்ன லூரின் மும்முள்ளுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது தப்பு. இதே மாவட்டத்துக் கடலோரத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் கொடுவாவுக்கும் பாறை மீனுக்கும் நாலு எக்ஸ் பொருந்தும். அவை முள்ளைத் தாடையால் நசுக்கும் சாதி.

நாலு எக்ஸ் வேண்டாம் என்பதற்குக் கண்மாய்க்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்த தண்ணீர் கோடையில் வற்றிக்கொண்டே போகும். கடைசியில் மீன்பிடித் திருவிழா. ஊத்தா, கச்சா, வலையோடு ஊரே வெறுங்காலில் சேற்றில் இறங்கும். கட்டையில் சிக்கிய சாதாரண முள்ளை நேராக இழுத்தால் நிமிர்ந்து லூரோடு கைக்கு வந்துவிடும். சில நூறு ரூபாய் மிச்சம். நாலு எக்ஸ் நிமிராது, நரம்புதான் அறும். மும்முள் எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்த்துத்தான் கிடக்கும். கோடையில் அதன் மேல் யார் கால் படும் என்று சொல்ல முடியாது.

நான் இப்போது லூரோடு வருவதையே வைத்துக்கொள்கிறேன். மழுங்கினால் அதே தடிமனில் மாற்றுகிறேன், கட்டை விரல் நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு. மிச்சமிருந்த நாலு எக்ஸ் பாக்கெட்டுகளைக் கோட்டைப்பட்டினம் போகும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். ஆறு கிலோ கொடுவா மாட்டியதாகச் சொன்னார். படம் இன்னும் வந்து சேரவில்லை.